ஓரத்துத் துண்டு

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, பொடிசோடு சண்டை போட முடிகிறது. ஆகவே சுகம் என்றே வைத்துக்கொள். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டி வலி தேவலையா?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு முறை ஃபோனில் பேசினோம். இரண்டு முறையும் நீ அழுதாய், எனக்கு வார்த்தை சிக்கியது. 'தலையணை' என்று சொல்ல வந்து, 'அந்த... அந்த...' என்று நான் இழுத்ததும் நீ மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. வார்த்தை வரும்வரை பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நடந்ததை என் வீட்டுக்காரி உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். உயரமான கட்டடம், உச்சியில் மெஷின் ரூம். லிஃப்டின் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வலது கை தானாக ஆடியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி விளக்குதான். "கரண்ட் அடிச்சிருச்சுன்னு நெனச்சு மெயினை அணைச்சேன். அணைச்சும் நீ ஆடிட்டே இருந்தே" என்றான் கூட வேலை பார்த்த பார்ட்னர். பாவம், இன்னும் அவனுக்கு முகம் தெளியவில்லை.

மூளையில் கட்டி. முடிந்தவரை எடுத்துவிட்டார்களாம். 'உனக்கு மூளையே கிடையாதுடா' என்று சின்ன வயதில் திட்டுவாயே, இனி அப்படிச் சொல்ல முடியாது. ஸ்கேன் படமே கையில் இருக்கிறது.

கட்டி எந்த ரகம் என்று மட்டும் இங்கே முடிவு சொல்ல முடியவில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டுங்கெட்டானாக இருக்கிறதாம். அடையாளம் பார்க்கும் பரிசோதனைக்கு வெளியூர் லேபுக்கு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். எந்த லேப் என்று கேட்டேன். உன் லேப்தான். என் மூளையில் ஒரு துண்டு உன் ஆபீசுக்கு வேலைக்கு வருகிறது, அக்கா. நல்லபடியாகப் பார்த்துக்கொள்.

முடிவு தெரிந்ததும் முதலில் நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். டாக்டரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பொடிசு அத்தையைக் கேட்டாள். என் தலைத் தையலைத் தடவிப் பார்த்து, "அப்பா, இந்த ஜிப்பைத் திறந்தா உள்ள என்ன இருக்கும்?" என்கிறாள்.

உன் வாலு

ஜனவரி 13

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. என் முட்டியை விசாரிக்க இதுவா நேரம்? வலிப்பு மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாயா? ஏணி, மொட்டை மாடி, குளியலறைத் தாழ்ப்பாள், மூன்றும் இப்போது உனக்கு ஆகாது. குளிக்கும்போது கதவைச் சாத்து, தாழ்ப்பாள் போடாதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. இருபது வருஷமாக இந்த லேபில் இதே வேலைதான் செய்கிறேன். பெட்டியில் வரும் மெழுகுக் கட்டியை எடுத்து, அதற்குள் பதிந்திருக்கும் சதையை ஊதினால் பறக்கிற மாதிரி மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றி, டாக்டரம்மாவின் மேஜையில் வைப்பேன். எல்லாவற்றுக்கும் எண்தான், பெயர் கிடையாது. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ கண்டவரிடமும் கேட்டுக் குழம்பாமல் இருக்க நானே சொல்கிறேன். இரண்டு அடையாளம் பார்ப்பார்கள். முதலாவது ஐடிஎச் என்ற மரபணுவில் வரும் மாற்றம். அந்த மாற்றம் உன் கட்டியில் இருந்தால் செல்கள் சாயத்தைப் பிடித்துப் பழுப்பாகும். அது மெதுவாக வளரும் ரகம். அதை வைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பழுப்பாகாவிட்டால் அது வேகமான ரகம். இரண்டாவது எம்ஜிஎம்டி. கீமோ மாத்திரைக்குக் கட்டி கட்டுப்படுமா என்பதை அது ஓரளவு சொல்லும். அது இயந்திரத்தில் ஓட்டுவது, நிறைய சாம்பிள் சேர்ந்த பிறகுதான் ஓட்டுவார்கள், தாமதமாகும்.

ஆனால் முதலில் உனக்குச் சொல்வது என்னால் முடியாது. சொந்தக்காரர்களின் சாம்பிளை நாங்கள் தொடக் கூடாது, அது இங்கே கண்டிப்பான சட்டம். தவிர, ஸ்லைடைப் படித்து முடிவு சொல்வது டாக்டரம்மாவின் வேலை. நான் பார்க்க மாட்டேன். நீயும் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு. உன் வீட்டுக்காரியையும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்.

அக்கா

ஜனவரி 18

அக்காவுக்கு,

இங்கே மூவரும் சௌகரியம். தாழ்ப்பாள் கழற்றப்பட்டது. இவளே என் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கழற்றிவிட்டாள். நான் குளிக்கும்போது பொடிசு வெளியே நின்று, "அப்பா, இருக்கீங்களா?" என்று நிமிஷத்துக்கொரு தரம் கேட்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. "இருக்கேன், இருக்கேன்" என்று கத்திக்கொண்டே குளிக்கிறேன்.

டாக்டர் நேற்று விளக்கமாகச் சொன்னார். மெதுவான ரகமென்றால் அவசரமில்லை, சில மாதங்களுக்கொரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். வேகமான ரகமென்றால் பிப்ரவரி முதல் வாரத்திலேயே கதிர்வீச்சு ஆரம்பித்துவிட வேண்டும், கூடவே மாத்திரை, ஆறு வாரம். தள்ளிப்போட்டால் மிச்சமிருப்பது மறுபடி தலைதூக்கும்.

முகத்துக்கு அச்சு எடுத்து ஒரு முகமூடி செய்வார்களாம். அதைப் போட்டுத் தலையை மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்களாம். "லிஃப்ட் குழிக்குள்ள தொங்கிட்டு வேலை பாத்தவன், உனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்கிறான் பார்ட்னர். குழியில் நான் தொங்கும்போது என் தலை என்னிடம்தானே இருந்தது? கதிர் பட்டு, மிச்சமிருக்கிற வார்த்தைகளும் போய்விட்டால் என்ன செய்வது?

நீ பார்க்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். என் பரீட்சை மார்க்கை எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து நின்றவள் நீ. பார்க்காமல் இருக்க உன்னால் முடியாது.

அத்தானுக்கு என் அன்பு.

உன் வாலு

ஜனவரி 29

தம்பி,

சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. பழுப்பு. பழுப்புடா!

சட்டத்தை மீறிவிட்டேன். உன் ஆஸ்பத்திரிப் பெயரோடு பெட்டி வந்த அன்று வேறொருத்தியின் முறை. அவளிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நானே சீவினேன். சீவிய துண்டை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் தகட்டில் எடுத்தேன். சாயம் ஏற்றி முடித்த நேரம் எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள். டாக்டரம்மாவின் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒரு கண் கதவில், ஒரு கண் உன்மேல். நல்ல அழுத்தமான பழுப்பு, அந்தத் துண்டு முழுவதும். பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு கழுவும் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மெதுவான ரகம், தம்பி. நீ இருப்பாய். பொடிசு உன் உயரம் வளர்வதைப் பார்ப்பாய்.

கையெழுத்தான ரிப்போர்ட் வர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை உங்கள் டாக்டரிடம் மூச்சு விடாதே, தெரிந்தால் என் வேலை போய்விடும். இன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அக்கா

பிப்ரவரி 3

அக்கா, நீ நன்றாக இருக்க வேண்டும்.

போன கடிதங்களில் சுகம் என்று எழுதியதெல்லாம் ஒப்புக்கு. இந்த முறை நிஜமாகவே சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொடிசுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எங்களோடு சேர்ந்து குதித்தாள்.

முகமூடிக்கு வரச்சொன்ன நாளில் ஜலதோஷம் என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். "ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அச்சு எடுத்து வச்சுட்டா நல்லதுப்பா" என்றார் டாக்டர். நல்ல ரகத்துக்கு எதற்கு அச்சு? உனக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். கம்பெனியில் மேலே ஏறும் வேலை தர மாட்டார்களாம். கீழே ஸ்டோரில் உட்கார்ந்து லிஃப்டுகளின் பழைய இரும்பு ரோப்களைச் சோதித்துக் கொடுக்கிறேன். அறுந்த இழைகளை எண்ணிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்த வேலை, சம்பளம் குறைவு, சந்தோஷம் அதிகம்.

சனிக்கிழமை நானும் இவளும் பெரிய சண்டை போட்டோம். பொடிசு வளர்ந்து என்ன படிப்பது என்று. நான் இன்ஜினியரிங் என்றேன், இவள் நர்ஸிங் என்றாள். குரல் உயர்ந்து பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். அந்தச் சண்டை எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, அக்கா? இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வரப்போகிற விஷயத்துக்கு நான் கத்திக்கொண்டிருந்தேன்.

லேசாகத் தலைவலி வருகிறது. வெயில்தான். முட்டிக்குத் தைலம் போடு.

உன் வாலு

பிப்ரவரி 14

தம்பிக்கு,

அக்காவும் அத்தானும் இருக்கிறோம். பதில் தாமதமானதற்குக் காய்ச்சல் காரணம், இப்போது இல்லை.

தலைவலி வெயிலால்தான் என்று நீயாக முடிவு கட்டாதே. காலையில் எழுந்ததும் வலிக்கிறதா? குமட்டல் உண்டா? டாக்டரிடம் சொன்னாயா?

முகமூடிக்கு அச்சு எடுத்துவிடு. எடுத்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இந்த வாரமே போ. ரிப்போர்ட் எப்போது வந்தாலும், அதில் என்ன இருந்தாலும், டாக்டர் சொல்கிறபடி செய். அவர் படித்துச் சொல்கிறவர், நான் சாயம் போடுகிறவள். எனக்கென்ன தெரியும்?

இங்கே வேலை அதிகம், சீவும் இயந்திரம் ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. அத்தானுக்கு இடமாற்றம் வரும் என்கிறார்கள், வராமலும் போகலாம். பொடிசைத் தெருவில் விளையாட விடாதே, வண்டிகள் வரும். வேறு விசேஷம் இல்லை. அச்சு எடுத்ததும் ஒரு வரி எழுது.

அக்கா

பிப்ரவரி 22

அண்ணிக்கு வணக்கம்.

நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகமாக இல்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன். இதுவரை நான் உங்களுக்கு எழுதியதில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஐடிஎச் இல்லை என்று இருக்கிறது. வேகமான ரகம் என்று டாக்டர் சொன்னார். இவர் சிரித்தார், அண்ணி. டாக்டர் எதிரிலேயே சிரித்தார். "லேபிள் மாறிப்போச்சு டாக்டர். வேற யாரோட ரிப்போர்ட்டோ இது. எங்க அக்கா கண்ணால பாத்திருக்கா, நீங்க காகிதத்தைப் பாக்கறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை எல்லாம் எழுத என்னால் முடியவில்லை. ஏற்கெனவே தாமதம், இனி ஒவ்வொரு வாரமும் கணக்கு என்றார்.

தலைவலி வெயிலால் இல்லை. விடிந்ததும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. நழுவிவிட்டது என்றார். மறுபடியும் விழுந்தது. இடது கையால் எடுத்துத் துலக்கினார்.

யாருடைய ரிப்போர்ட்டோடு மாறியது என்று அக்காவிடம் கேட்டு எழுது என்று என்னை உட்கார வைத்திருக்கிறார். நான் கேட்க வந்தது அது இல்லை. உங்கள் கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் எங்குமே நல்ல ரகம் என்று நீங்கள் எழுதவில்லை. அச்சு எடு, அச்சு எடு என்றுதான் இருக்கிறது.

அண்ணி, நீங்கள் பார்த்தது சரிதானா? தெரிந்தால் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். டாக்டர் சொன்னாலும் நம்ப மாட்டார். உங்களைத்தான் நம்புகிறார்.

உங்கள் தம்பி மனைவி

பிப்ரவரி 25

தம்பி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கேட்க வாய் வரவில்லை. ரிப்போர்ட் மாறவில்லை. அது உன்னுடையதுதான். தப்பு என்னுடையது.

நாங்கள் சாயம் ஏற்றும் ஒவ்வொரு ஸ்லைடிலும் இரண்டு துண்டு இருக்கும். நடுவில் இருப்பது நோயாளியுடையது. ஓரத்தில் இன்னொன்று ஒட்டுவோம். எப்போதோ யாரிடமிருந்தோ எடுத்தது. சாயம் பட்டால் நிச்சயம் பழுப்பாகும் என்று ஏற்கெனவே தெரிந்த துண்டு. கண்ட்ரோல் என்போம். அது பழுப்பானால்தான் சாயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது: எது கண்ட்ரோல், எது நோயாளி என்று பார்த்துவிட்டு மற்றதைப் பார்.

அன்றைக்கு அவசரத்தில் ஸ்லைடைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். ஓரத்துத் துண்டைத்தான் பார்த்தேன். பழுப்பைக் கண்டதும் அதற்கு மேல் நகர்த்தவேயில்லை. நகர்த்தினால் போய்விடும் என்று பயந்தேனோ என்னவோ. இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாத யாரோ ஒருவரின் துண்டைப் பார்த்து, என் தம்பி பிழைத்தான் என்று அழுதிருக்கிறேன். நடுவில் உன் துண்டு நிறமே ஏறாமல் இருந்திருக்கிறது.

இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். பிப்ரவரி எட்டாம் தேதி. டாக்டரம்மா "நெகட்டிவ்" என்று சொல்லி எழுத வைத்ததை டைப் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணைப் பார்த்தேன், உன் எண். ஓடிப்போய் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். சரியாக வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன், காய்ச்சல், இயந்திரம், இடமாற்றம் என்று. முதல் தப்பு கண் செய்தது. இரண்டாவதை நான் தெரிந்தே செய்தேன். நீ அச்சு எடுத்துவிட்டால் நான் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். நேற்று ஃபோன் செய்தேன். நீ எடுத்து "அக்காவா?" என்றாய். சந்தோஷமாக இருந்தது உன் குரல். வைத்துவிட்டேன்.

இன்று உன் வீட்டுக்காரியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "நீங்களே எழுதுங்க அண்ணி, உங்க கையெழுத்தைப் பாத்தாதான் அவர் நம்புவார்" என்றாள். கூரியரில் அனுப்புகிறேன். படித்து முடித்ததும் எழுந்து போய் அச்சு எடு. நாளைக்கு என்று சொல்லாதே. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, போய்விட்டு வந்து திட்டு.

அக்கா

மார்ச் 20

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? சாப்பிட முடிகிறதா? முடி கொட்டுகிறதா? உன்னைத்தான் கேட்கிறேன். இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆறாம் தேதியிலிருந்து கதிர்வீச்சு நடப்பதாக உன் வீட்டுக்காரி சொன்னாள். நீ பக்கத்தில் இருக்கும்போது ஃபோனை உன்னிடம் தரட்டுமா என்று அவள் கேட்பதும், நீ எழுந்து போவதும் எனக்குக் கேட்கிறது.

டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். என்னை மேஜையிலிருந்து எடுத்து, பெட்டி பிரித்து எண் போடும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது. நியாயம்தான். ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் இது யாருடைய தம்பியோ என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் அப்படி இருந்ததில்லை.

இரண்டாவது அடையாளத்தின் ரிப்போர்ட் அடுத்த மாதம் வரும். உங்கள் டாக்டரே சொல்லட்டும். நான் ஒன்றும் எழுத மாட்டேன்.

ஒரு வரி எழுது. திட்டாவது எழுது.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்டிருக்கிறாய். இல்லை.

வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தினார்கள். ஆறியதும் இறுகியது. தினமும் அதைப் போட்டுப் பூட்டிவிட்டு, எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இயந்திரம் தலையைச் சுற்றி வருகிறது. கண்ணைத் திறந்தால் இமை வலையில் உரசுகிறது. முதல் நாள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். வந்து திறந்தார்கள். எதற்கு என்று கேட்டார்கள். என்ன சொல்வது? மறுபடி பூட்டிக்கொள்ளச் சொன்னேன்.

உன்மேல் எனக்குக் கோபம். தப்பாகப் பார்த்ததற்கு இல்லை, அது யாருக்கும் வரும். தெரிந்த பிறகும் காய்ச்சல், வண்டி, இடமாற்றம் என்று எழுதினாயே, அதற்கு. நான் இங்கே பொடிசின் கல்லூரிப் படிப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், நீ அங்கே தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த நாட்களை நினைத்தால் கூசுகிறது. யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போன மாதிரி இருக்கிறது.

கீமோ மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்று நாளாகிறது. இவளுக்குத் தெரியாது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் எறிந்துவிடுகிறேன். போட்டால் நாள் முழுவதும் குமட்டல். பொடிசு பக்கத்தில் வந்தால் அவள் தலை எண்ணெய் வாசனைக்குக்கூட வாந்தி வருகிறது, அவளைத் தள்ளிவிடுகிறேன். பலன் தராத மாத்திரைக்காக எதற்கு அவளைத் தள்ளிவிட வேண்டும்? பலன் தருமா என்று நீ சொன்ன இரண்டாவது பரிசோதனைதானே சொல்லும்? டாக்டர் அதற்குக் காத்திருக்காமல் போடு என்கிறார். 

நீ எழுத மாட்டேன் என்கிறாய். எழுது. கையெழுத்தான பிறகு எழுது, ஆனால் நீ எழுது. இனிமேல் முட்டி, காய்ச்சல், அத்தான் எல்லாம் அப்புறம். முதல் வரியில் முடிவை எழுது. இன்னொன்றும் எழுது. எத்தனை நாள்? டாக்டர் ஆளுக்கு ஆள் மாறும் என்கிறார். இவளிடம் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இதுவரை யாரையும் நான் வற்புறுத்தியதில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 9

எம்ஜிஎம்டி நல்ல பக்கம் வந்திருக்கிறது. மாத்திரைக்கு உன் கட்டி கட்டுப்பட வாய்ப்பு அதிகம்.

தம்பி, முதல் வரியில் எழுதிவிட்டேன். இதை நான் ஸ்லைடில் பார்க்கவில்லை. இயந்திரம் சொன்னதை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள். எனக்கு டாக்டரம்மாவே கூப்பிட்டுக் காட்டினார்கள். "எண்ணை நீயே சத்தமா படி" என்றார்கள். படித்தேன். உங்கள் டாக்டருக்கும் இன்றே போகிறது.

மாத்திரை என்ன செய்யும் என்றால், கட்டிச் செல்லின் உள்ளே போய் உடைக்கும். செல்லுக்குள் ரிப்பேர் பார்க்கிற ஆள் ஒருவன் உண்டு, உடைத்ததை எல்லாம் அவன் சரிசெய்துவிடுவான். உன் கட்டியில் அந்த ஆளுக்குப் பெரும்பாலும் வேலை நிறுத்தம். அதனால்தான் சொல்கிறேன், எறியாதே. போட்டுக்கொள்.

நீ கேட்ட எண். உன் ரகத்தில், பொதுவாக, பாதிப் பேர் ஒன்றேகால் வருஷத்தைத் தாண்டுவதில்லை. இந்த இரண்டாவது அடையாளம் இருந்து, கதிர்வீச்சும் மாத்திரையும் முழுதாக எடுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய இரண்டு வருஷம் இருக்கிறார்கள். சிலர் அதற்கும் மேலே. பத்தில் ஒருவர் ஐந்து வருஷம் தாண்டியிருக்கிறார்கள். நீ எந்தப் பாதி என்று எந்த மைக்ரோஸ்கோப்பும் சொல்லாது. குணமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. இனி அப்படி எதையும் சொல்ல மாட்டேன்.

இதை எழுதவே பயமாக இருக்கிறது. கெட்ட செய்தியாக இருந்திருந்தால் நீ உடனே நம்பியிருப்பாய். உள்ளதுக்குள் நல்ல செய்தி ஒன்று வந்து, அதைச் சொல்கிறவளாக நான் போய் வாய்த்திருக்கிறேன். நீ நம்பாமல் மாத்திரையை எறிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

உடம்பு எப்படி இருக்கிறது? இப்போது கேட்கலாம் அல்லவா?

அக்கா

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

இவள், பொடிசு, நான், மூவரும் இருக்கிறோம். வலது கை கொஞ்சம் தேவலை, இந்தக் கடிதத்தின் கையெழுத்திலேயே தெரியும்.

நீ எழுதிய எண்ணை ஒரு நாள் முழுவதும் மனதிலேயே வைத்திருந்தேன். மறுநாள் காலை இவள் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன். "ஒன்னேகால் வருஷம்னு எனக்குத் தெரியும்" என்றாள். ரிப்போர்ட் வந்த அன்றே டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தனை நாளும் அதை வைத்துக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்திருக்கிறாள். "அக்கா ரெண்டுன்னு எழுதியிருக்கா" என்றேன். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். சட்டை கருகிப்போனது. இரண்டு பேரும் அழுததைப் பார்த்துப் பொடிசு வந்து, "யார் அடிச்சா?" என்று கேட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. மெஷின் ரூமில் கை ஆடிய நாளிலிருந்தே பயம்தான். அதை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு உனக்குச் சிரிப்புக் காட்டினேன். அந்த வலைக்குள் படுத்திருக்கும்போது கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் இப்போதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லத் தோன்றுகிறது.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். விட்டதையும் டாக்டரிடம் சொல்லித் திட்டு வாங்கியாகிவிட்டது. முதல் நாள் வாந்தி, நேற்று இல்லை. அதற்காக நீ சொன்னதை நம்பித்தான் போடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ நல்ல செய்தி என்று ஒன்றைச் சொன்னால் ஒரே தடவையில் நம்புகிற தம்பி இப்போது உனக்கு இல்லை. ஆகவே லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. என் எதிரில் உட்கார்ந்து சொல்லு. மறுநாளும் சொல்லு. நான் நம்பும்வரை இங்கேயே இரு.

உன் வாலு